மை போட்ட அண்ணன்

செப்டம்பர் 9, செவ்வாய்

மடவை மீன் இன்று விலை போகவில்லை. அம்மா மார்க்கெட்டிலிருந்து பாதிக் கூடையோடு திரும்பி வந்து, கூடையை என் பக்கம் தள்ளி, "கருவாடு போடு" என்றாள். போட்டேன்.

உப்புக் கையைக் கழுவுவதற்குள் பிலோமினா அக்கா வந்துவிட்டார். நெல்லூர் பக்கத்து இறால் கம்பெனிக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது அவர் வேலை. என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பானை என் முட்டி உயரம். அந்த அவசரத்தில் அதை யார் அளந்து பார்ப்பது?

"இன்னா அங்காளம்மா, உன் பொண்ணு பானைக்குப் பின்னால இன்னா பண்றா?"

"ஒளிஞ்சிக்கினு கீறா."

"நல்லா தெரியுதே."

"அது அவளுக்குத் தெரியல."

அக்கா என் கையை மட்டும் நீட்டச் சொன்னார். நீட்டினேன். விரல் நீளமாம், இறால் உரிக்க நல்ல கையாம். ஆஸ்டலில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர். காலையில் வரிசையில் நின்று ஒவ்வொருத்தியும் தன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேர்! நானும் அம்மாவும் ஒரே அறையில் இருந்தாலே எனக்குக் கூட்டமாக இருக்கிறது.

அம்மா உடனே தலையாட்டிவிடவில்லை. "இந்த வருசம் பாடு கெடச்சா இவ இங்கியே கெடக்கட்டும். கெடைக்கலன்னா இட்டுகினு போ" என்றாள்.

இருபத்தெட்டாம் தேதி அம்மன் கோயில் முன்னால் பாடு போடுவார்கள். கடலோடு சேர்கிற எங்கள் ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று, வீட்டுக்கு ஒரு பெயராகச் சீட்டுக் குலுக்குவது. பெயரைக் கூப்பிடும்போது அந்த ஆள் நேரில் இருந்து கை தூக்க வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் அந்த வீட்டுக்கு அந்த வருடம் இறால் கிடையாது. அவ்வளவுதான், மேல் பேச்சே இல்லை.

எங்கள் வீட்டுப் பெயர் அஜித்குமார். என் அண்ணன். நைனாவுக்கு இடுப்பு விட்டுப்போனதும் போன வருடம்தான் பெயரை அவனுக்கு மாற்றினார்கள். மாற்றிய ஆறாம் மாதம் அவன் நைனாவோடு சண்டை போட்டு, போட்டுத் தள்ளும் கழியைத் தண்ணீரில் வீசிவிட்டு, காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டான். இருபத்தெட்டாம் தேதி அவன் வந்து கை தூக்காவிட்டால் நான் நெல்லூர்.

செப்டம்பர் 10, புதன்

அம்மாவின் போனில் "மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் போவது எப்படி" என்று தேடினேன். சும்மா ஆசைக்கு இல்லை. பிலோமினா அக்கா திரும்பி வருவதற்குள் ஒரு வழி வேண்டும்.

பழைய காலத்து வெள்ளைக்காரர்கள் பெரணி விதையைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் மறைந்துவிடலாம் என்று நம்பினார்களாம். பெரணிக்கு விதையே கிடையாது. யாருமே அந்த விதையைப் பார்க்காததால், அது கண்ணுக்குத் தெரியாத விதை என்று முதலில் முடிவு செய்திருக்கிறார்கள். அப்புறம், அதை வைத்திருப்பவனும் தெரியமாட்டான் என்று அடுத்த முடிவு. இவ்வளவு மூளைக்கு எங்கள் ஊரில் பிறந்திருந்தால் தலைவர் ஆகியிருக்கலாம்.

இன்னொரு ஆள் செத்த கருப்புப் பூனையின் தலைக்குள் அவரை விதையை வைத்துப் புதைக்கச் சொல்கிறான். முளைத்துக் காய்த்ததும் அந்த அவரையை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டுமாம். எங்கள் தெருவில் கருப்புப் பூனை இரண்டு. இரண்டும் என்னைவிடத் தைரியசாலி. என்னைத்தான் புதைக்கும்.

நம் ஆட்களும் சும்மா இல்லை. சித்தர்கள் குளிகையை வாயில் போட்டுக்கொண்டு மறைந்தார்களாம். காக்கைக் கூட்டில் ஒரே ஒரு குச்சி இருக்குமாம். அதைத் தண்ணீரில் போட்டால் ஓட்டத்தை எதிர்த்து நீந்துமாம். அதை இடுப்பில் செருகினால் ஆள் காணாமல் போவானாம். நம் ஏரியில் ஒரு நாளைக்கு இரண்டு தரம் தண்ணீரே திரும்பிப் போகிறது. எந்தக் குச்சியைப் போட்டாலும் எதிர்த்துதான் நீந்தும்.

அமெரிக்காவில் ஒரு போர்க்கப்பலையே மறைத்துவிட்டார்கள் என்று ஒரு புரளி கிளம்பியிருக்கிறது. அந்தக் கப்பலில் இருந்தவர்களே "அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லியும் யாரும் கேட்கவில்லையாம். ஜப்பானில் ஒருவர் நிஜமாகவே ஒரு கோட்டு செய்திருக்கிறார். பின்னால் இருப்பதைப் படம் பிடித்து அதன் மேலேயே காட்டுவார்கள். அதற்கு ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர், படம் காட்டும் மெஷின். மறைய ஒரு ஆள் என்றால் மறைக்க நான்கு ஆள்.

நான் இது எதுவும் இல்லாமலே ஒரு தரம் மறைந்திருக்கிறேன். ஒன்பதாவதில். வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் மிஸ்" சொல்ல எனக்கு வாய் திறக்காது. மிஸ் நிமிர்ந்து பார்க்காமல் ஆப்சென்ட் போடுவார். வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நான் பள்ளிக்கூடத்துக்கே வந்ததில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே நின்றுபோனவள் நான் ஒருத்திதான்.

செப்டம்பர் 11, வியாழன்

நைலான் வலை தண்ணீரில் மீனுக்குத் தெரியாது. ஆகவே அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "வலைய கிழிச்ச, தோல உரிச்சிடுவேன்" என்றாள். மீன் வேறு, அம்மா வேறு.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஊருக்கு ஒரு ஆள் வந்திருக்கிறார். பெயர் பொன்னுரங்கம். ஆரம்பாக்கத்தில் பஸ் ஏறி வந்தாராம். காவி வேட்டி, மேலே டீ-ஷர்ட். கையில் ஒரு தகர டப்பா. அதற்குள் மை. அதைப் போட்டுக்கொண்டால் ஆளும் தெரியமாட்டான், அவன் ஏறியிருக்கும் போட்டும் தெரியாது!

நான் சிரித்திருப்பேன். ஊர் சிரிக்கவில்லை. புதன்கிழமை எதிர்க்கரைத் தளத்தில் ராக்கெட் விடுகிறார்கள். ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது, போனால் ரோந்து சுற்றும் போட்டு வந்து திருப்பி அனுப்பும், பெயரை எழுதிக்கொள்ளும். இந்த மாதம் ஏற்கெனவே காற்று சரியில்லாமல் நிறைய நாள் போய்விட்டது. எங்கள் ஆட்களுக்கு எப்படியாவது புதன்கிழமை போக வேண்டும்.

கோயில் எதிரில் பொன்னுரங்கம் செய்து காட்டினார். ஒரு கண்ணாடிக் குழாயில் மையைத் தடவித் துடைத்தார். ஒரு கிண்ணத்தில் மூலிகை எண்ணெய். அதற்குள் குழாயை விட்டார். காணோம்! எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். தலைவர் ராமன் பெரியப்பா விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "கீது! ஆனா இல்ல!" என்றார்.

போட்டுக்கார ரஞ்சித் அண்ணன் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "ஒரே போட்ல நாலு பேரு கீறோம். ஒருத்தன ஒருத்தன் பாக்க முடியலன்னா வலைய எவன் இழுக்கிறது?"

"மை போட்டவனுக்கு மை போட்டவன் தெரிவான்" என்றார் பொன்னுரங்கம். "மத்தவனுக்குத் தெரியமாட்டான். முகத்துவாரம் தாண்டினப்புறம் போட்டுக்கணும். உப்புத் தண்ணில தேய்ச்சிக் கழுவினா போயிடும்."

நான்கு போட்டுக்காரர்கள் வாங்கினார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

வீட்டுச் சூரியகாந்தி எண்ணெயை டம்ளரில் ஊற்றி, மருந்துக்கடைக் கண்ணாடிக் குழாயை விட்டேன். மை இல்லாமலே கிட்டத்தட்ட மறைந்தது! போனில் படித்தேன். கண்ணாடியில் வெளிச்சம் எப்படி வளைகிறதோ எண்ணெயிலும் ஏறக்குறைய அப்படியே வளைகிறதாம். அதனால் எது கண்ணாடி, எது எண்ணெய் என்று கண்ணுக்குப் பிரித்துப் பார்க்க முடியாது.

அப்படியானால் ஒன்று மறைய வேண்டுமென்றால் அது சுற்றியிருப்பதைப் போலவே ஆகிவிட வேண்டும். நான் இந்த ஊரில் மறைய வேண்டுமென்றால் எல்லாரையும் போல அடித்தொண்டையில் கத்த வேண்டும். நடக்கிற காரியமா?

அம்மா எண்ணெய்க்காகத் திட்டினாள். அந்த எண்ணெயிலேயே கெழங்கான் மீன் பொரித்தோம்.

செப்டம்பர் 17, புதன்

நான்கு போட்டும் போய்விட்டுப் பட்டப்பகலில் திரும்பி வந்தன. நிறைய மீன். யாரும் பிடிக்கவில்லை, யாரும் பெயர் எழுதவில்லை. ரஞ்சித் அண்ணன் கரையிலேயே ஆடுகிறார்.

"ரோந்து போட்டு எனக்கு நாலு மொழம் தள்ளிப் போச்சுடா! ஒரு பேமானி திரும்பிப் பாக்கல! நான் கை ஆட்டுறேன், அவன் பாட்டுக்குப் போறான்!"

அம்மாவின் போனில் காலையிலேயே செய்தி வந்திருந்தது. ராக்கெட் இன்று விடவில்லை. தள்ளி வைத்துவிட்டார்கள். ராக்கெட்டே இல்லாத நாளில் அவர்களை யார் எதற்குத் துரத்தப் போகிறார்கள்?

இதை யாரிடம் சொல்வது? நானா போய்? எப்படி ஆரம்பிப்பது? "பெரியப்பா" என்று ஆரம்பிக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கே எனக்கு இரண்டு நாள் ஆகும்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "மூடிகினு இரு, மீனு நல்லா வித்துகினு கீது" என்றாள்.

செப்டம்பர் 18, வியாழன்

பொன்னுரங்கத்தைக் காணோம். பெரிய நண்டாகப் பார்த்து ஒரு கூடை கொடுத்திருந்தார்கள். கூடையும் இல்லை. மை நிஜமாகவே வேலை செய்கிறது என்பதற்கு ஊர் இதையும் சாட்சியாகச் சொல்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

தலைவர் பெரியப்பா கோயில் மைக்கில் பேசினார். பக்கத்துக் குப்பத்து ஆட்கள் இந்த மையைக் கேலி செய்கிறார்களாம். ஆகவே தீர்மானம்: "மை உண்மை. நம்ம ஊர்ல எவனாவது பொய்யின்னு சொன்னா ஐயாயிரம் அபராதம். நானே என் கையால தொட்டுப் பாத்தவன்."

மைக் 'கூய்ய்' என்று கத்தியது. தீர்மானம் நிறைவேறியது.

செப்டம்பர் 23, செவ்வாய்

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவனோடு பேசத்தான் எனக்கு வாய் வரும்.

"வர மாட்டேன் பூவு. ஞாயித்துக்கெழம ஷிப்டு. போகலன்னா காண்ட்ராக்டர் வேற ஆள வெச்சிடுவான்."

"ஒரு மணி நேரம் வந்துட்டுப் போ. கை தூக்கிட்டுப் போ."

"வந்தா நைனா மூஞ்ச பாக்கணும்."

"நீ வரலன்னா என்ன நெல்லூர் இட்டுகினு போயிடுவாங்க."

"அங்க நாலு பேரு கூட பழகுவ. நல்லதுதான" என்றான்.

நல்லதாம். இவனுக்கு இன்னா தெரியும்? பேர சொல்லு, பேர சொல்லுன்னு தெனம் காலைல நிக்க வெப்பாங்க. நான் நிப்பேன். வாய் தொறக்காது. பன்னெண்டு பேரும் பாப்பாங்க. சிரிப்பாங்க. இவன் அங்க ஷிப்டுல டீ குடிச்சிக்கினு இருப்பான்.

பட்டனை அழுத்தி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

பிலோமினா அக்கா ஒரு பை கொடுத்துவிட்டுப் போனார். துணி வைத்துக்கொள்ள. நான் பானைக்குப் பின்னால் கூட உட்காரவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

காலை பத்து மணிக்குக் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் நடுவில், நாங்கள் ஓரமாக மணலில். தலைவர் பெரியப்பா பெஞ்சில், பக்கத்தில் சீட்டுக் குடம். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கை தூக்கினார்கள், சீட்டு எடுத்தார்.

"அஜித்குமார்!"

நைனா மணலைப் பார்த்தார்.

"அஜித்குமார்!"

எங்களுக்கு அடுத்த பெயர் ரஞ்சித் அண்ணன். நாங்கள் விட்ட பாடு அவருக்குத்தான் போகும். அவர் இப்போதே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். சட்டைப்பையில் மை டப்பா துருத்திக்கொண்டு இருந்தது. அன்றிலிருந்து அதை மெடல் மாதிரி போட்டுக்கொண்டுதான் திரிகிறார். அம்மா என் பின்னால், "போச்சு" என்றாள். எனக்கு அந்தத் துணிப்பை ஞாபகம் வந்தது.

தலைவர் மூன்றாம் தரம் வாயைத் திறந்தார்.

எப்டி எழுந்தேன்னு தெரியல. சத்தியமா தெரியல. யாரோ தகரத்த இழுக்கற மாதிரி ஒரு சத்தம் கேட்டுது. அது என் கொரலு.

"அண்ணன் இங்கதான் கீது."

ஊரே திரும்பியது. இருநூறு பேர் இருப்பார்கள். நானூறு கண்.

"எங்கமே?" என்றார் தலைவர். அவர் கோபப்படவில்லை. நான் பேசியதே அவருக்குப் பெரிய அதிசயம்.

"மை போட்டுக்கினு கீது பெரியப்பா. ஷிப்டு உட்டுட்டு வர்றத கம்பெனிகாரங்க பாத்துடுவாங்கன்னு போட்டுக்கிச்சு."

யாரோ இருமினார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் ஐயாயிரம்.

"அப்ப கை தூக்கச் சொல்லு."

"தூக்கிக்கினுதான் கீது."

ரஞ்சித் அண்ணன் குதித்தார். "ஐய! இன்னா கத உட்றா இந்தப் பொண்ணு! ஆளே இல்லாத எடத்துல..."

"ரஞ்சித்து அண்ணா, ரோந்து போட்டு நாலு மொழம் தள்ளிப் போயும் உன்னப் பாக்கலன்னு சொன்னல்ல? அது நெசமா இல்லியா?"

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் அவரைப் பார்த்தார்.

"நெசம்தான்."

"இதுவும் நெசம்தான்."

தலைவர் பெரியப்பா சும்மா தலைவர் ஆகவில்லை. கொஞ்சம் யோசித்தார். "மை போட்டவனுக்கு மை போட்டவன் தெரிவான்னு அந்த ஆளு சொன்னானே. ரஞ்சித்து, உன் கிட்டதான் மிச்சம் கீதே. போட்டுக்கினு பாரு. அஜித்து கீறானா இல்லியான்னு சொல்லிடு."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு இது தோன்றவே இல்லை. ரஞ்சித் அண்ணன் சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்து, விரலால் தோண்டி, நெற்றிக்குக் கொண்டுபோனார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தது.

நெற்றிக்கு ஓர் அங்குலத்தில் விரல் நின்றுவிட்டது.

மை பட்டதும் அவர் காணாமல் போக வேண்டும். இருநூறு பேர் எதிரில், இந்த வெயிலில். போகாவிட்டால்? நான்கு போட்டு, மைக்கில் சொன்ன தீர்மானம், பெரியப்பா எண்ணெய்க்குள் விட்ட விரல், எல்லாம் போகும். அது முதலில் அவருக்குப் புரிந்தது, பிறகு தலைவருக்கு, பிறகு வரிசையாக ஒவ்வொரு முகமாக. அலை வருகிற மாதிரி அது வருவதை நான் பார்த்தேன்.

"இரு இரு இரு" என்றார் தலைவர். "அம்மன் எதிர்ல மை போடக்கூடாது. தீட்டு."

"ஆமாமா, தீட்டு" என்றார் ரஞ்சித் அண்ணன். விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டார். இப்போது லுங்கியாவது மறைந்திருக்க வேண்டும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தலைவர் என் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி, "டேய் அஜித்து, கொஞ்சம் தள்ளி நில்றா. கொடத்து மேல நெழல் உழுது" என்றார். குடத்தில் கையை விட்டுச் சீட்டு எடுத்தார்.

முகத்துவாரப் பாடு. இருப்பதிலேயே நல்லது.

வீட்டு வாசலில் நைனா செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மாவிடம், "அஜித்துக்கும் சேத்து சோறு போடு" என்றார். அம்மா போட்டாள். நான்தான் தின்றேன். இரண்டு பேர் சோறு.

செப்டம்பர் 29, திங்கள்

அண்ணனிடம் போனில் சொன்னேன்.

"இன்னாது? நான் வந்தேனா?"

"வந்து கை தூக்கின."

"எந்தக் கை?"

"வலது."

"ஐயோ" என்று சிரித்தான். பின்னால் கிரேன் சத்தம். "நைனா இன்னா சொல்லிச்சு?"

"உனக்கு சோறு போடச் சொல்லிச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. "சிக்னல் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டான். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

முதல் முறை. பாடு எடுத்தவன் தன் முறையன்று போட்டில் இருந்தாக வேண்டும். கூட ஆள் வைத்துக்கொள்ளலாம். நைனாவால் உட்கார்ந்தபடி வலை இழுக்க முடியும், நின்று கழி ஊன்ற முடியாது. கூலிக்கு ஆள் கூப்பிட்டால் யாரும் வரவில்லை. காணாத ஆளோடு போட்டில் ஏறப் பயமாம்! பொய் என்று தெரிந்தும் பயம். எங்கள் ஊரே இப்படித்தான்.

"நீ ஏறு" என்றார் நைனா.

எங்கள் ஊரில் பெண்கள் வலை போட்டில் ஏறுவதில்லை. தலைவர் பெரியப்பா கரையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அஜித்து ஏறிட்டானா?"

"ஏறிட்டான்" என்றார் நைனா.

"அப்ப இந்தப் பொண்ணு எதுக்கு?"

"அவன் எங்க உக்காந்துகினு கீறான்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியல. தெரியாம அவன் மேல கழிய ஊனிட்டா? அவளுக்குத்தான் அவன் கீற எடம் தெரியும்."

பெரியப்பா "ஜாக்கிரதையா ஊனு" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளை இறால் பதினோரு கிலோ. கழியை மூன்று தரம் தப்பாக ஊன்றி வட்டமடித்தோம். பக்கத்துப் போட்டுக்காரர்கள் என்னைப் பார்க்காத மாதிரியே போனார்கள். "அஜித்து, இறால் படுதா?" என்று போட்டின் நடுவைப் பார்த்துக் கேட்டார்கள். நைனா பாட்டுக்கு வலை இழுத்தார். கடைசியில் நானே, "படுது" என்றேன்.

அக்டோபர் 15, புதன்

பிலோமினா அக்கா வந்தார். நான் முற்றத்தில் இறால் பிரித்துக்கொண்டிருந்தேன், எழுந்து உள்ளே போகவில்லை. "அவ வரல. கழி போட ஆளில்ல" என்று அம்மா பையைத் திருப்பிக் கொடுத்தாள். அக்கா கோபப்படவில்லை. ஒரு கிலோ இறால் வாங்கிக்கொண்டு, விலையில் என்னிடம் பேரம் பேசினார். நான் இறங்கவில்லை. பத்து ரூபாய் இறங்கினேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

அண்ணன் வந்தான். புது பேன்ட், தலையில் செம்பட்டை டை. பஸ் நிறுத்தத்திலிருந்து தெரு வழியாக நடந்து வந்தான். ஊர் பட்ட பாடு சொல்ல முடியாது. அவனைப் பார்க்கலாமா கூடாதா? டீக்கடைக்காரர் டீயைப் போட்டு, யாருக்கும் இல்லாத மாதிரி மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பிள்ளைகள் அவன் மேல் மோதினார்கள்.

தலைவர் பெரியப்பா எதிரே வந்தார். நின்றார்.

"மைய கழுவிட்டியாடா?"

"கழுவிட்டேன் பெரியப்பா."

"நல்லா தேய்ச்சிக் கழுவினியா?"

"சோப்பு போட்டேன்."

"சரி. முறையன்னிக்கி மறக்காம போட்டுக்கோ."

நைனாவும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு நைனா அவனிடம் சொன்ன முதல் வார்த்தை: "கொழம்புல உப்பு பத்தலன்னா கேளு." பத்தியது. ஆனாலும் கேட்டான்.

போகும்போது என்னிடம், "அடுத்த வருசமும் நீயே என்ன இட்டுகினு போ" என்றான். அவன் திரும்பி வரப்போவதில்லை. அதை அவன் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

நேற்று மழை. இன்று ஏரியில் கலங்கல், இறால் கொட்டுகிறது.

காலையில் ரஞ்சித் அண்ணன் தன் எல்லையைத் தாண்டி வந்து எங்கள் வலைக்கு மேலே வலை கட்டினார். இரண்டும் சிக்கிக்கொண்டன. கழியை ஊன்றிப் போட்டை நிறுத்தி, "யோவ், எடுய்யா உன் வலைய" என்றேன். அவர் என்னைத் திட்டினார். நானும் திட்டினேன். எங்கிருந்து வந்ததோ, அவர் ஒன்று சொன்னால் எனக்கு இரண்டு வந்தது. முழுசாகப் பத்து நிமிடம். சுற்றியிருந்த போட்டெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தன. நைனா வலையைக்கூட இழுக்காமல் பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

கடைசியில் அவர்தான் வலையை அவிழ்த்தார். அவிழ்த்துக்கொண்டே, "போயும் போயும் ஒரு பொண்ணாண்ட..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். எல்லாரும் கேட்டுவிட்டார்கள். இந்தப் போட்டில் இருப்பது அஜித்து என்றுதான் ஊர்க் கணக்கு.

ரஞ்சித் அண்ணன் எங்கள் போட்டின் நடுவில், காலியாகக் கிடந்த பலகையைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக,

"அஜித்து, உன் தங்கச்சிக்கு வாய் ரொம்ப நீளம்டா" என்றார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. அவனுக்கு இன்று காட்டுப்பள்ளியில் பகல் ஷிப்டு.